உறைக்காத ஷாக்

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. இந்த நோய்க்கு நம் ஊரில் கைவசம் ஒரு வைத்தியம் உண்டு. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேமைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் பரபரவென்று தேய்த்து, வாயால் ஊதி, மறுபடியும் செருகுவார்கள். பல சமயம் கம்ப்யூட்டர் பிழைத்தும் விடும். பற்களில் படிந்திருந்த அழுக்கு போய்த் தொடர்பு சரியாகியிருக்கும். ஆனால் அந்த அரை நிமிட வேலையில் நடுநிலைப் பள்ளிப் பாடம் ஒன்றும் செய்முறையாக நடந்து முடிந்திருக்கிறது. இரண்டு பொருள்களை உரசினால் மின்னூட்டம் பிறக்கும் என்பது அந்தப் பாடம். தலையில் தேய்த்த ஸ்கேல் காகிதத் துணுக்குகளை இழுத்ததே, அதே சங்கதிதான். இந்த முறை உரசல் நடந்தது, அந்த மின்னூட்டத்துக்கு மிக எளிதில் பலியாகக்கூடிய ஒரு பொருளின் மேல்.

இதனால் ரேம் கெடுமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். கம்பளிச் சட்டையோடு மதர்போர்டு பக்கமே போகாதே என்று பயமுறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். இருபது வருஷமாக வெறுங்கையால்தான் தொடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று சிரிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் தங்கள் அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். இந்த வழக்கில் அந்தச் சாட்சியை நம்ப முடியாது என்பதுதான் இங்கே சொல்ல வருவது. சிப்பைக் கெடுக்கப் போதுமான மின்னழுத்தத்துக்கும் நம் தோலுக்கு உறைக்கும் மின்னழுத்தத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. கெடுதல் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள், நமக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஒன்றை அனுபவத்தால் கற்றுக்கொள்ள வழியில்லை. காரணம் புரிந்து வைத்துக்கொண்ட ஒரு பழக்கத்தால்தான் அதைச் சமாளிக்க முடியும்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவுகின்றன. கொடுத்தது நேர் மின்னூட்டமும், வாங்கியது எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. உலோகமாக இருந்தால் அந்த மின்னூட்டம் உடனே பரவி வழிந்துவிடும். பிளாஸ்டிக் போன்ற கடத்தாப் பொருளில் போக வழியின்றி அங்கேயே தங்கிவிடும். நிலைமின்சாரம் என்ற பெயர் அதனால் வந்தது. உரசிய அம்பர் பிசின் துரும்பை இழுப்பதைப் பழங்கால கிரேக்கர்களே பார்த்திருந்தார்கள். எலெக்ட்ரான் என்ற சொல்லே அம்பருக்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்துதான் வந்தது. நம் வீட்டில் அம்பர் இல்லாவிட்டாலும் அதன் வேலையைச் செய்யப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. புது டிவி வந்த பெட்டியைப் பிரித்தால் கையை விட்டுப் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும் தெர்மோகோல் மணிகள், எழுந்திருக்கும்போது சடசடக்கும் பாலியஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, பாலிதீன் கவர் எல்லாமே நிலைமின்சாரத்தின் ஊற்றுகள். சாதாரண செல்லோ டேப்பை உரித்து எடுப்பதுகூட ஒட்டிப் பிரிவதுதான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெற்றிடத்தில் டேப்பை உரித்து, அதிலிருந்து ஒரு விரலை எக்ஸ்ரே படம் எடுக்கும் அளவுக்குக் கதிர்களை வரவழைத்துக் காட்டினார்கள். டேப் உரிக்கும் இடத்தில் அத்தனை மின்னழுத்தம் திரள்கிறது.

மனித உடம்பும் இந்த மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பாத்திரம்தான். சிப் சோதனைக் கூடங்களில் ஒரு மனிதனைக் கணக்குக்காக 100 பிகோஃபாரட் மின்தேக்கியாகவும், அதோடு தொடர்ந்த 1,500 ஓம் மின்தடையாகவும் எடுத்துக்கொள்வார்கள். ரப்பர் செருப்போடு நடந்து நடந்து உடம்பில் 3,000 வோல்ட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் உலோகத்தைத் தொடும் நொடியில் பாயும் மின்னோட்டம் உச்சத்தில் 2 ஆம்பியர். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒரு நொடியை ஒரு கோடிப் பங்காக்கி அதில் ஒன்றரைப் பங்கு நேரத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடுகிறது. மொத்த ஆற்றல், இரண்டு அரிசி மணிகளை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான அளவு, அவ்வளவுதான். வீட்டு இணைப்பின் 230 வோல்ட் ஆளைக் கொல்ல, இந்த 3,000 வோல்ட் விரல் நுனியில் சுரீர் என்பதோடு நின்றுவிடுவது இதனால்தான். ஒன்று வற்றாத ஆறு, மற்றது உயரமான பரணில் வைத்த ஒரு துளித் தண்ணீர். நிலைமின்சாரத்தை நாம் அலட்சியமாக நினைப்பதற்கு வேரே இதுதான்: அது நம்மை ஒன்றும் செய்வதில்லை.

அந்த ஒரு துளி சிப்பின் மேல் விழும்போது கணக்கு மாறிவிடுகிறது. இன்றைய சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு மதகு போன்றது. மதகைத் திறந்து மூடும் கேட் என்ற பகுதிக்கும் மின்னோட்டம் ஓடும் பாதைக்கும் நடுவே ஒரு காப்புப் படலம் இருக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அந்தப் படலமோ சில நானோமீட்டர்தான். சிலிக்கன் டை ஆக்சைடு படலம் ஒரு நானோமீட்டருக்குச் சுமார் ஒரு வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, பத்து வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தமே அதைக் கிழித்துவிடலாம். கிழிந்தால் தானாகத் தைத்துக்கொள்ளாது. அரிசி மணியைத் தூக்கும் ஆற்றல் அத்தனையும் ஊசிமுனையிலும் சிறிய ஓரிடத்தில் பாய்ந்தால் அந்த இடம் உருகிப்போகும். பழுதான சிப்பின் மேலுறையை அமிலத்தால் கரைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஆய்வகங்களில், மின்னல் விழுந்த பனைமரத்தின் உச்சியைப் போலக் கருகிக் குழிந்த புள்ளிகளைக் காண முடியும். வெறுங்கண்ணுக்கு அந்த சிப் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளப்பாக இருக்கும்.

தொடுவதால் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. மனிதனிடமிருந்து சிப்புக்குப் பாய்வது ஒரு வகை. சிப்பே மின்னூட்டம் ஏறி நின்று, பிறகு உலோகத்தைத் தொட்டதும் தன்னிடமிருப்பதைக் கொட்டுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் நம் உடம்பின் 1,500 ஓம் தடைகூடக் குறுக்கே இல்லாததால் பாய்ச்சல் இன்னும் வேகமாக இருக்கும். ரப்பரால் தேய்த்த ரேமை ஸ்லாட்டில் செருகும்போது நடக்கக்கூடியது இதுதான். தேய்ப்பில் பலகையில் ஏறிய மின்னூட்டம், பற்கள் ஸ்லாட்டின் உலோகத்தைத் தொடும் கணத்தில் இறங்குகிறது. தெர்மோகோல் துண்டு ஒன்றை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தொடாமலேயே அதன் மின்புலம் பலகையிலுள்ள மின்னூட்டத்தை ஒதுக்கித் தள்ளும். அந்த நேரம் பார்த்து யாராவது பலகையை உலோகத்தில் வைத்தால், வேலை முடிந்தது.

இந்த ஆபத்தை எதிர்கொள்ளும் வழியை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மிக எளிமையாகக் கண்டுபிடித்திருந்தார்கள். மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டர்கள் புதிதாக வந்தபோது அவற்றில் சில வகைகளை அனுப்பும்போதே, கால்களைச் சேர்த்து ஒரு சிறிய கம்பிச் சுருளை மாட்டி அனுப்பினார்கள். பலகையில் பற்றவைத்து முடித்த பிறகுதான் அந்தச் சுருளைக் கழற்ற வேண்டும். அந்தச் சுருள் மின்னூட்டத்தைத் தடுக்கவில்லை, உறிஞ்சவும் இல்லை. எல்லாக் கால்களையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருந்தது, அவ்வளவுதான். மொத்த டிரான்சிஸ்டரும் ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறினாலும் கால்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் பாய்வதற்கு ஒன்றுமில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதே நியாயத்தால்தான். நிலைமின்சாரத் தடுப்பின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கம்பிச் சுருளுக்குள் இருக்கிறது: மின்னழுத்தம் கெடுப்பதில்லை, மின்னழுத்த வேறுபாடுதான் கெடுக்கிறது.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வரலாம். முதல் கேள்வி அனுபவஸ்தர்களுடையது. இத்தனை வருஷமாக ஒரு ரேம்கூடப் போகவில்லையே? ஒருவருக்கு நிலைமின்சாரம் உறைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் எஸ்20.20 என்ற தர நெறியோ, 100 வோல்ட் பாய்ச்சலிலேயே கெடக்கூடிய பாகங்களைக் கையாள்வதற்கென்று எழுதப்பட்டது. நூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே நடப்பது எதுவும் எந்த அனுபவஸ்தருக்கும் தெரிய வாய்ப்பில்லை. சரி, கெட்ட பாகமாவது தெரியவேண்டுமே என்றால், அது வேறு பெயரில் தெரிகிறது. புது ரேம் வேலை செய்யாவிட்டால் ‘பீஸ் சரியில்லை’ என்று கடையில் மாற்றிக்கொள்கிறோம். மதர்போர்டு போனால் கரண்ட் ஏறி இறங்கியதைச் சொல்கிறோம். வாரண்டியில் திருப்பிய பாகத்தை அமிலத்தில் கரைத்துப் பார்க்கிற வசதி எந்த சர்வீஸ் கடைக்கும் இல்லை. கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்கிறவருக்கு எந்த நாள் எந்தக் காய்ச்சல் வராமல் போனது என்று தெரியாது. குளத்துத் தண்ணீரையே குடித்து ஒன்றும் ஆகாதவரும் ஊரில் இருப்பார். அவரைக் காட்டி யாரும் பம்ப் ஸ்டேஷனை மூடிவிடுவதில்லை.

இதே நியாயம் பயமுறுத்துகிறவர்களுக்கும் பொருந்தும். பாதி கிழிந்த சிப் உடனே சாகாமல், ஆறு மாதம் வேலை செய்துவிட்டுப் பிறகு காலை வாரும் என்று சொல்வதுண்டு. அப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் துறைக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. ஆகவே விண்டோஸ் தொங்கினால், நீலத் திரை வந்தால், எல்லாவற்றுக்கும் போன வருஷம் யாரோ ரேமைத் தொட்டதுதான் காரணம் என்று சொல்வது ஜாதகத்தில் சனியைக் கைகாட்டுவது போலத்தான். இங்கே முன்வைக்கும் வாதத்துக்கு அந்த மறைமுகப் பழுது தேவையும் இல்லை. நேரடியாகக் கெடக்கூடும், கெட்டால் தெரியாது, தடுக்கச் செலவு மிகக் குறைவு என்ற மூன்றுமே போதும்.

இரண்டாவது கேள்வி நம் தட்பவெப்பம் பற்றியது. நிலைமின்சாரமெல்லாம் கம்பளம் விரித்து ஹீட்டர் போட்டுக்கொள்ளும் குளிர் நாட்டுக்காரர்கள் பிரச்சினை, சென்னையின் புழுக்கத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-இல் வெளியிட்ட ஒரு கையேட்டில் இதற்கான எண்கள் இருக்கின்றன. இன்றும் எல்லோரும் எடுத்தாள்பவை. ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும் வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறும். 65 முதல் 90 சதவீத ஈரத்தில் அதுவே 1,500 வோல்ட்டாகக் குறைகிறது. மேசையிலிருந்து பாலிதீன் பையை எடுப்பதில் வறட்சியில் 20,000, ஈரத்தில் 1,200. நன்றாகக் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் எதற்குக் கீழே குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 35,000 வோல்ட் என்றால் விரலில் பொறி பறந்து நம்மை எச்சரிக்கும். 1,500 வோல்ட் உறைக்கவே உறைக்காது; நூறு வோல்ட்டில் கெடும் பாகத்துக்கோ அது பதினைந்து மடங்கு. நம் புழுக்கம் ஆபத்தைக் குறைப்பது உண்மை. கூடவே எச்சரிக்கை மணியையும் கழற்றி வைத்துவிடுகிறது. இதில் இன்னொன்று, இன்று கம்ப்யூட்டர் திறக்கப்படும் இடம் பெரும்பாலும் ஏசி அறை. காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிடுவது ஏசியின் வேலைகளில் ஒன்று. கடற்கரையை விட்டு உள்ளே போனால் கோடை மத்தியானங்களில் வெளிக்காற்றே வறண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுடையது. இப்போதைய சிப்புகளில் உள்ளேயே பாதுகாப்புச் சுற்று வைத்துத்தானே செய்கிறார்கள்? வைக்கிறார்கள். சிப்பின் கால் ஒவ்வொன்றுக்கும் பின்னால், அதிக அழுத்தம் வந்தால் அதைத் திசைதிருப்பிவிடும் டயோடுகள் காவல் நிற்கின்றன. சிலர் வேண்டுமென்றே பொறி பாய்ச்சியும் ரேம் சாகாமல் இருப்பதை வீடியோ எடுத்துக் காட்டுவதற்கு இந்தக் காவல்தான் காரணம். அந்த வீடியோக்கள் பொய்யில்லை. பத்துப் பாய்ச்சலில் ஒன்பது தப்பிவிடலாம். ஆனால் இந்தக் காவல் வருஷத்துக்கு வருஷம் பலப்பட்டுக்கொண்டு போகிறது என்று நினைத்தால் அங்கேதான் தவறு. ஒரு சிப் 2,000 வோல்ட் மனிதப் பாய்ச்சலைத் தாங்க வேண்டும் என்பது வெகுகாலம் எழுதப்படாத விதியாக இருந்தது. 2007-இல் சிப் நிறுவனங்களின் கூட்டுக் குழு ஒன்று, 1,000 வோல்ட் தாங்கினால் போதும் என்று பரிந்துரைத்தது. காவலுக்கு நிற்கும் டயோடுகள் இடத்தை அடைப்பதோடு, அதிவேகத் தகவல் போகும் கம்பிகளுக்குச் சுமையாகவும் ஆகிவிடுகின்றன. வேகம் வேண்டுமென்றால் காவலைக் குறைத்தாக வேண்டும். தொழிற்சாலைகளில் கையாளும் முறை ஒழுங்காகிவிட்டதால் குறைத்தாலும் பாதகமில்லை என்பதே அவர்கள் சொன்ன நியாயம். அந்த ஒழுங்கை நம்பிக் குறைத்த சிப்தான் நம் மேசைக்கும் வருகிறது. கடையில் ரேமை வாங்கி வீட்டில் செருகும் நாம், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலேயே அதன் கடைசிக் கண்ணியாகிவிடுகிறோம்.

மூடிய கம்ப்யூட்டரையும் திறந்த கம்ப்யூட்டரையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி துளை, ஹெட்போன் துளை, பவர் பொத்தான் போன்றவை மனிதக் கை படும் என்று தெரிந்தே வடிவமைக்கப்பட்டவை. சர்வதேசச் சோதனை முறைகளில் ஒரு கருவியின் வெளிப்பக்கத்தில் 8,000 வோல்ட் வரைகூடப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். பென்டிரைவ் செருகும்போதெல்லாம் பயப்பட ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றிய பிறகுதான் கதை வேறு. ரேமின் பற்கள், பிராசஸரின் அடிப்பக்கப் புள்ளிகள், எஸ்எஸ்டியின் திறந்த பலகை எல்லாம் யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வெறுமேனியாக இருப்பவை.

தடுப்பு முறைக்கு வந்தால், பழைய கம்பிச் சுருளை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. நம் உடம்பு, கேபினெட், செருகப்போகும் பாகம் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். பூமியோடு இணைப்பது நல்லதுதான். ஆனால் முதல் தேவை ஒன்றோடொன்று இணைவது. ஆகவே வரிசை இப்படி அமைகிறது. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை, உதாரணமாக எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளைப் பெட்டியின் திருகுத் தலையை, முதலில் தொட வேண்டும். ரேம் இருக்கும் கவரை இன்னொரு கையில் எடுத்து, அதையும் கேபினெட்டில் படவைக்க வேண்டும். அதன் பிறகே கவரைப் பிரித்து, ரேமைப் பல்லில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்து எடுக்கலாம். ஒரு தடவை தொட்டாயிற்று என்று விட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. எழுந்திருப்பதும் உரசல், நடப்பதும் உரசல். திரும்பி வந்ததும் திரும்பவும் தொட வேண்டும். வேலை நடக்கும் வரை முன்கை கேபினெட்டின் விளிம்பில் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது. பருத்தி உடையும், சிமென்ட் தரையில் வெறுங்காலும் நமக்கு இயல்பாகவே வாய்த்த உதவிகள். மின்னூட்டம் அவற்றில் மெல்லக் கசிந்து போகும். ரப்பர் செருப்பும் வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேபினெட்டைத் தொடச் சொன்னதும், அதைத் தொட்டால்தானே ஷாக் அடிக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அது நிலைமின்சாரம் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு மின்தேக்கிகள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகக் கேபினெட்டோடு இணைந்திருக்கின்றன. சுவரில் எர்த் சரியாக இருந்தால் அவற்றின் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், மூன்று முள் பிளக் இருந்தும் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருந்தால், 230 வோல்ட்டில் பாதி கேபினெட்டில் நின்று விறுவிறுக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் சில, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு பிளக்கைச் செருகியபடியே விடுங்கள், எர்த் கிடைக்கும் என்று சொல்லும். எர்த் உத்தரவாதமில்லாத, சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்றே தெரியாத நம் வீடுகளில் அந்த யோசனை ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிவிடுவதே சரி. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஷட்டவுன் ஆன பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால் மதர்போர்டில் 5 வோல்ட் விழித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைச் செருகினால் நிலைமின்சாரத்தின் உதவி இல்லாமலே அதைக் கெடுத்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்சத்தை வடித்துவிட்டுத் திறக்க வேண்டும்.

மணிக்கட்டுப் பட்டை, அதாவது ரிஸ்ட் ஸ்ட்ராப், இதே தொடுதலை ஓயாமல் செய்யும் ஒரு வசதி. உலோக நூல் கலந்த பட்டையை வெறும் தோலில் படும்படி கட்டி, அதன் வயரின் கிளிப்பைக் கேபினெட்டின் உலோகத்தில் மாட்டுவார்கள். இதைக் கட்டிக்கொண்டால் ஷாக் அடித்துச் செத்துப்போக மாட்டோமா என்ற பயத்துக்கு அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. வயரில் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று பொதிந்திருக்கும். தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த வழியே 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஒரு சாதாரண மனிதன் உணரும் அளவைவிடவே அது குறைவு. நிலைமின்சாரம் கசிய அந்தப் பாதை தாராளம். இந்தத் தடை இல்லாமல் வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. கிளிப்பைப் பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். வயரே இல்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப் என்று ஒன்றும் விற்கிறார்கள். எதோடும் இணையாத பட்டை எதையும் சமப்படுத்த முடியாது. அதை வாங்குகிற பணத்துக்குத் தேங்காய் வாங்கி உடைத்தாலும் பலன் அதேதான்.

லேப்டாப்பில் தொடுவதற்குப் பெரிய உலோகம் இல்லையே என்றால், யூஎஸ்பி துளையைச் சுற்றியிருக்கும் உலோகக் கூடு போதும். அது உள்ளேயிருக்கும் பலகையின் பொதுப் பாதையோடு இணைந்தது. திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பாகங்கள் வரும் சாம்பல் நிற உலோகப் பளபளப்புள்ள கவர், மைக்கேல் ஃபாரடே 1836-இல் காட்டிய உலோகக் கூண்டின் சிறிய வாரிசு. வெளியே என்ன நடந்தாலும் உள்ளே மின்புலம் போகாது. அந்தப் பாதுகாப்பு கவருக்கு உள்ளேதான். மதர்போர்டை எடுத்து அதே கவரின் மேல் வைத்துவிட்டால், குடையை விரித்து அதன் மேல் ஏறி உட்கார்ந்த கதையாகிவிடும். ரோஸ் நிறக் கவர் தானாக மின்னூட்டம் பிறப்பிக்காது. ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தூசி தட்ட நைலான் பிரஷ்ஷும் வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் உரசல் எந்திரங்கள். ப்ளோயர் அடிப்பதானால் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். காற்றில் சுழலும் ஃபேன் குட்டி ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ரேம் பற்களின் அழுக்குக்கு ரப்பரைவிட, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி நல்லது. உரசல் குறையும், பற்களின் மெல்லிய தங்க முலாமும் தேயாது.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: இதெல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தானே, ஒரு ரேம் மாற்றுகிறவனுக்கு எதற்கு? ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருப்பவை போன்ற மின்னணு ஆலைகளில் வேலைக்கு நுழைகிறவர்கள் பட்டையும் காலணியும் சரியாக இருக்கிறதா என்று கருவியில் சோதித்துக்கொண்டுதான் உற்பத்தி வரிசைக்குப் போகிறார்கள். நேற்று சரியாக இருந்த பட்டை இன்றும் சரியாக இருக்கிறதா என்று கை சொல்லாது என்பதால்தான் அந்தச் சோதனை. ஆலைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும்தான். லட்சம் பலகைகளில் நூறு போனால் ஆலைக்குக் கணக்கில் தெரியும். தடுப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று அது முடிவு செய்யும். நம்மிடம் இருப்பது ஒரே பலகை. அது போனால் கணக்கில் தெரியாது, பணப்பையில் தெரியும். ஆலையின் மேலங்கியும் சிறப்புத் தரையும் நமக்கு வேண்டாம். கேபினெட்டின் திருகில் ஒரு விரல் வைக்க அரை நொடிதான் ஆகிறது. மூடியைப் பூட்டி, பிளக்கைச் செருகி, கம்ப்யூட்டர் வழக்கம்போல எழுந்துகொள்ளும்போது அந்த அரை நொடி எதைக் காப்பாற்றியது, அல்லது எதையும் காப்பாற்றவே இல்லையா என்பது தெரியப்போவதில்லை. தெரியாததால்தான் ஒவ்வொரு முறையும் தொட வேண்டியிருக்கிறது.